ஆசியான் ஒப்பந்தத்தில் பம்ப்செட் ஏற்றுமதி: ஃபார்ம் ஏஐ எந்த நாட்டுக்குப் பயன்படும்? சீன உதிரிபாகம் இருந்தால் கிடைக்குமா?

கேள்வி: பீளமேடு_பம்ப்

வணக்கம். கோவையில் தயாராகும் சப்மெர்சிபிள், மோனோபிளாக் பம்ப்செட்களை இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் அனுப்ப வேண்டும். வார்ப்பு, ஷாஃப்ட், வைண்டிங், அசெம்பிளி, டெஸ்டிங் எல்லாம் இங்கேயே. பேரிங், மெக்கானிக்கல் சீல், கெப்பாசிட்டர், ஸ்டாம்பிங் (மோட்டாருக்கான உலோகத் தகடு) ஆகியவை சீனாவிலிருந்து வருகின்றன. ஜகார்த்தாவில் வாங்குபவர் ஃபார்ம் ஏஐ (சரக்கு இந்தியாவில் தயாரானது என்று காட்டி வரிச் சலுகை பெற உதவும், ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தின் மூலச் சான்றிதழ்) கேட்கிறார், இல்லாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்கிறார்.

தெரிய வேண்டியவை: ஆசியான் ஒப்பந்தம் இருப்பதால் மூன்று நாட்டிலும் வரி பூஜ்யம்தானா? சீன உதிரிபாகம் இருந்தால் சான்றிதழ் கிடைக்குமா? தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாகச் சரக்கு போனால் சிக்கல் வருமா? ஒப்பந்தத்தையே மறுபரிசீலனை செய்வதாகச் சொல்கிறார்களே, அது முடியும்வரை காத்திருக்கலாமா?

---

பதில் 1: ஏற்றுமதி_மேசை

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். அதில்தான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

ஆசியான் ஐரோப்பிய ஒன்றியம் மாதிரி ஒரே சுங்க எல்லை கிடையாது. பேச்சுவார்த்தையில் கூட்டமைப்பாக உட்காருவார்கள், ஆனால் வரி அட்டவணை நாட்டுக்கு நாடு தனி. 2003-ல் பாலியில் கட்டமைப்பு ஒப்பந்தம், 2009 ஆகஸ்ட் 13-ல் பாங்காக்கில் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்து, 2010 ஜனவரி 1 முதல் இந்தியாவுடன் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கு மட்டும் நடைமுறை. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2011 ஆகஸ்டில் கம்போடியாவோடுதான் பத்தும் முழுமையானது. இந்தியா வெளியிட்ட 46/2011 சுங்க அறிவிக்கையைப் பிரித்துப் பாருங்கள்: பிலிப்பைன்ஸுக்குத் தனி வரிசை, மற்ற நாடுகளுக்கு இன்னொரு வரிசை. ஆசியான் நாடுகளின் அட்டவணையிலும் இதே கதைதான்.

இனி உங்கள் மூன்று நாடுகள்.

சிங்கப்பூர்: மது வகைகளில் சிலவற்றைத் தவிர எதற்குமே இறக்குமதி வரி இல்லை. பம்ப்செட் அங்கேயே விற்கப்படுவதென்றால் ஃபார்ம் ஏஐ தேவையே இல்லை. ஆனால் வாங்குபவர் அதை அங்கிருந்து இந்தோனேசியாவுக்கோ வியட்நாமுக்கோ மறு ஏற்றுமதி செய்வாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். செய்வாரென்றால் அவருக்கு அங்கே பேக்-டு-பேக் சான்றிதழ், அதாவது இடைநாடு தரும் மறுசான்றிதழ், வேண்டும். அது உங்களுடைய மூல ஃபார்ம் ஏஐ-யை வைத்துத்தான் கிடைக்கும். அதன் செல்லுபடிக் காலமும் உங்கள் மூலச் சான்றிதழின் காலத்தைத் தாண்டாது.

மலேசியா: இரண்டு கதவுகள். ஆசியான் ஒப்பந்தம் ஒன்று, 2011 ஜூலை முதல் நடப்பிலுள்ள இந்தியா–மலேசியா விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் இன்னொன்று. இரண்டின் சலுகை வரியும் எல்லாப் பொருளுக்கும் ஒன்றாக இருக்காது. சான்றிதழ் படிவமும் வேறு. ஒப்பந்தத்தை மாற்றிப் போட்ட சான்றிதழ் அங்கே செல்லாது என்பதால், வாங்குபவரின் கஸ்டம்ஸ் ஏஜென்ட் எந்த ஒப்பந்தத்தின் கீழ் சலுகை கேட்கப் போகிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தோனேசியா: இங்கேதான் கவனம் வேண்டும். இந்தியா தன் வரி அட்டவணையில் சுமார் 71% பொருள் வரிசைகளைத் திறந்துவிட்டபோது இந்தோனேசியா திறந்தது 41% அளவுக்குத்தான். வியட்நாம் 66.5%, தாய்லாந்து 67%. எனவே 'ஆசியான் என்றால் பூஜ்யம்' என்பதே தவறு. உங்கள் எட்டு இலக்க ஹெச்எஸ் கோடுக்கு (பொருளைச் சுங்கத்தில் வகைப்படுத்தும் எண்) இந்தோனேசிய அட்டவணையில் இன்று என்ன சலுகை வரி, சாதாரண வரி எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் வாங்கிப் பாருங்கள். வித்தியாசமே இல்லையென்றால் அவர் கேட்கும் விலைக்குறைப்புக்கும் அடிப்படை இல்லை.

---

பதில் 2: விவசாயி_மகன்74

சீன பாகம் இருந்தாலும் கவலை வேண்டாம் சார். உள்நாட்டு மதிப்பு 35% வந்தால் போதும், சான்றிதழ் கிடைத்துவிடும்.

---

பதில் 3: காஸ்ட்_ஷீட்

மேலே சொன்னது பாதிதான் சரி, மீதிப் பாதியில்தான் சரக்கு மாட்டும். ஆர்சிஇபி (ஆசியான், சீனா உள்ளிட்ட நாடுகளின் வட்டார வர்த்தக ஒப்பந்தம்) மாதிரி ஒப்பந்தங்களில் பல பொருட்களுக்கு 'ஹெச்எஸ் மாற்றம் அல்லது மதிப்புக் கூட்டல்' என்று தேர்வு இருக்கும். ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தில் பொது விதி 'மற்றும்'. எஃப்ஓபி மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 35% உள்ளூர் மதிப்பும் வேண்டும், வெளிநாட்டுப் பாகங்கள் ஆறு இலக்க அளவில் ஹெச்எஸ் மாறியிருக்கவும் வேண்டும். கடைசிக் கட்ட உற்பத்தி ஏற்றுமதி நாட்டில் நடந்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. பொருள்வாரித் தனி விதிகள் இந்த ஒப்பந்தத்தில் வரவே இல்லை. பம்ப், துணி, ரசாயனம் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

ஹெச்எஸ் மாற்றத்தை முதலில் பாருங்கள், கணக்கு பிறகு. உங்கள் பம்ப் 8413.70. பேரிங் 8482, மெக்கானிக்கல் சீல் 8484, கெப்பாசிட்டர் 8532, ஸ்டாம்பிங் 8503. எல்லாமே 8413.70-க்கு வெளியே, ஆகவே தேறுகிறது. இம்பெல்லர், கேசிங் சீனாவிலிருந்து வந்தாலும் அவை 8413.91, ஆறு இலக்கம் மாறுகிறது, அதுவும் தேறும்.

தேறாதது எது? முழு பம்பைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கி, ஒரே கன்சைன்மென்டாக கிட் போல இறக்கி, இங்கே போல்ட் முறுக்கி அனுப்புவது. பிரித்த நிலையில் ஒன்றாக வந்தாலும் முழுப் பொருளுக்குரிய கோடுதான் அதற்கும், அதாவது உள்ளே வரும்போதே 8413.70. வெளியே போகும்போதும் 8413.70. மாற்றமே இல்லை. எளிய அசெம்பிளி, பேக்கிங், லேபிள் ஒட்டுவது ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று விதி 7-உம் சொல்கிறது.

இன்னொரு பொறி: உதிரிபாக ஆர்டர். பம்போடு சேர்ந்து போகும், பம்பின் கோடிலேயே வகைப்படும் உதிரிபாகத்துக்குத் தனிக் கேள்வி வராது. ஆனால் சீன இம்பெல்லர் 50 எண்ணம் என்று இன்வாய்ஸில் தனி வரியாகப் போட்டால், 8413.91 உள்ளே, 8413.91 வெளியே. இன்வாய்ஸின் அந்த வரிசைக்குச் சலுகை கிடையாது. 'கொஞ்சம்தானே' என்று விட்டுக்கொடுக்கும் டி மினிமிஸ் விதியும் இந்த ஒப்பந்தத்தில் இல்லை.

இப்போது கணக்கு. ஒரு பம்ப்செட்டின் எஃப்ஓபி விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டாம்பிங் 2,300
வைண்டிங் வயர், உள்ளூர்க் கடையில் வாங்கியது, மூலம் நிரூபிக்க முடியாதது 2,000
பேரிங் 700
மெக்கானிக்கல் சீல் 450
கெப்பாசிட்டர் 350
மொத்தம் 5,800

மறைமுக முறையில், அதாவது வெளிநாட்டுப் பொருளைக் கழித்துக் கணக்கிடும் முறையில், வெளிநாட்டு மற்றும் மூலம் தெரியாத பொருளின் மதிப்பு எஃப்ஓபி-யில் 65%-ஐத் தாண்டக்கூடாது. இங்கே 58%, உள்ளூர் மதிப்பு 42%. தேறியது.

அந்த இரண்டாவது வரியைக் கவனியுங்கள். கோவையில் பில் போட்டு வாங்கியதால் அது இந்தியப் பொருளாகிவிடாது. கம்பி எங்கே இழுக்கப்பட்டது என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்காவிட்டால் அது மூலம் தெரியாத கணக்கில்தான் சேரும். சப்ளையர் டிக்ளரேஷன் ஒரு தாள் வாங்கினால் 5,800 என்பது 3,800 ஆகிவிடும். அந்த ஒரு தாளுக்கு 20 சதவிகிதப் புள்ளி மதிப்பு.

இப்போது ஜகார்த்தாக்காரர் 15% விலை குறைக்கச் சொல்கிறார் என்று வையுங்கள். எஃப்ஓபி 8,500. செலவு அதே 5,800 என்றால் 68.2%. உள்ளூர் மதிப்பு 31.8%-க்கு இறங்கி, சான்றிதழே போய்விடும். விலையைக் குறைத்ததோடு சலுகையையும் இழப்பீர்கள். எனவே விலை பேசும் முன் காஸ்ட் ஷீட், பேசிய பிறகு அல்ல. டாலர் விலை ஏறி இறக்குமதிப் பாகம் கூடும்போதும் இதே ஆபத்து. உள்ளூர் மதிப்பு 40%-க்குக் கீழே போனாலே திரும்பக் கணக்குப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்குமதிப் பாகத்துக்கு எடுக்க வேண்டியது இங்கே வந்து சேர்ந்தபோதுள்ள சிஐஎஃப் மதிப்பு (சரக்குக் கட்டணம், காப்பீடு சேர்த்த விலை). சப்ளையரின் எஃப்ஓபி இன்வாய்ஸை வைத்துக் கணக்குப் போட்டு, கடல் சரக்குக் கட்டணத்தை விட்டுவிடுவதுதான் காஸ்ட் ஷீட்டில் அடிக்கடி வரும் ஓட்டை.

மலேசியா, தாய்லாந்து, வியட்நாமில் இருந்து அந்த நாட்டின் ஃபார்ம் ஏஐ-யோடு பேரிங் வாங்கினால், கூட்டுச் சேர்ப்பு விதிப்படி அது உள்ளூர் மதிப்பில் சேரும். ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். 'மேட் இன் தாய்லாந்து' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது.

---

பீளமேடு_பம்ப்

மிக்க நன்றி. வயர் சப்ளையரிடம் டிக்ளரேஷன் கேட்கிறோம். ஒரு துணைக் கேள்வி: இந்தோனேசிய ஆர்டரில் சில, சிங்கப்பூர் டிரேடர் மூலம் வருகின்றன. சரக்கு நேராக ஜகார்த்தாவுக்கு, இன்வாய்ஸ் சிங்கப்பூர்க்காரருக்கு. இதற்குச் சான்றிதழ் எடுக்கலாமா?

---

பதில் 4: தூத்துக்குடி_ஃபார்வர்டர்

எடுக்கலாம். மூன்றாம் நாட்டு இன்வாய்ஸுக்கு ஒப்பந்தம் இடம் தருகிறது. படிவத்தில் அதற்கான கட்டத்தை டிக் செய்து, சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயர், நாடு இரண்டையும் எழுத வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். ஃபார்ம் ஏஐ-யின் ஒன்பதாம் கட்டத்தில் எடையோடு எஃப்ஓபி மதிப்பும் வரும். டிரேடர் 10,000-க்கு வாங்கி 12,500-க்கு விற்கிறார் என்றால், ஜகார்த்தாவில் இறக்குபவர் உங்கள் 10,000-ஐ அந்தத் தாளிலேயே பார்த்துவிடுவார். இது டிரேடருக்குத் தெரியாமல் சான்றிதழ் போனால் உறவு முறியும். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொழும்பு விஷயம். இலங்கை இந்த ஒப்பந்தத்தில் இல்லை. சிங்கப்பூர், போர்ட் கிளாங் வழியாக மாற்றி ஏற்றினால் அவை உறுப்பு நாடுகள், கேள்வி எழாது. தூத்துக்குடிச் சரக்கு நிறைய கொழும்பு ஃபீடரில்தான் (தாய்க்கப்பலுக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் சிறு கப்பல்) போகிறது, போகலாம், தடையில்லை. ஆனால் நேரடி அனுப்புதல் விதி 8-ன்படி மூன்று விஷயம் காட்ட வேண்டும்: அந்த வழி போக்குவரத்துத் தேவைக்காகத்தான், சரக்கு அங்கே வணிகத்துக்கோ பயன்பாட்டுக்கோ இறங்கவில்லை, இறக்கி ஏற்றுவது தவிர அதன்மீது வேறு வேலை நடக்கவில்லை.

இதைக் காட்டும் ஆவணம் த்ரூ பில் ஆஃப் லேடிங், அதாவது முழுப் பயணத்துக்குமான கப்பல் சரக்கு ரசீது (சுருக்கமாக பிஎல்). இந்தியாவில் வெளியிடப்பட்டது, தூத்துக்குடியில் தொடங்கி ஜகார்த்தாவில் முடிவது, ஒரே பிஎல். ஃபீடர் கப்பலுக்கு ஒன்று, தாய்க்கப்பலுக்குக் கொழும்பில் இன்னொன்று என்று இரண்டாக வாங்கிவிட்டால் இரண்டாவது பிஎல்-இல் ஏற்றுமதித் துறைமுகம் கொழும்பு என்று வரும். அங்கேயே சலுகை நின்றுவிடும். புக்கிங் போடும்போதே லைனரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். கப்பல் போன பிறகு திருத்துவது பெரும்பாடு.

சான்றிதழ் எடுக்கும் வரிசை இப்படி. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் ஆன்லைன் சிஓஓ (மூலச் சான்றிதழ்) தளத்தில் ஐஇசி எனும் ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வைத்துப் பதிவு, டிஜிட்டல் கையொப்பம், பொருள் விவரம், காஸ்ட் ஷீட், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில். வழங்கும் அமைப்பாக ஏற்றுமதி ஆய்வு முகமையைத் தேர்வு செய்வீர்கள். புதுப் பொருளென்றால் காஸ்ட் ஷீட்டைப் பற்றிக் கேள்வி வரும், அதற்கு நேரம் விடுங்கள். ஏற்றுமதிக்கு முன், அதே நாளில், அல்லது அடுத்த 3 வேலை நாளுக்குள் வாங்கிவிட்டால் சாதாரணச் சான்றிதழ். அதைத் தாண்டினால் ஏற்றிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பின்தேதியில் வழங்கியதாக முத்திரையோடுதான் வரும். செல்லும், ஆனால் எதிர்ப்பக்கம் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். வெளியிட்ட நாளிலிருந்து 12 மாதம் செல்லுபடி.

எட்டாம் கட்டத்தில் ஆரிஜின் (மூல நாடு) அளவுகோல். உங்கள் கணக்குப்படி 42 சதவிகிதமும் ஹெச்எஸ் மாற்றமும் இரண்டும் அதில் வர வேண்டும், சதவிகிதம் மட்டும் எழுதித் திரும்பி வந்த சான்றிதழ்கள் உண்டு. பொருள் விவரம் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிஎல், ஃபார்ம் ஏஐ நான்கிலும் ஒரே சொற்களில் இருக்கட்டும். ஆறு இலக்கக் கோடு ஜகார்த்தாவில் எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்த அட்டவணை எழுதப்பட்ட பிறகு ஹெச்எஸ் பதிப்பு பலமுறை மாறிவிட்டதால், பழைய கோடும் புதிய கோடும் பொருந்தாத இடங்கள் இருக்கின்றன.

---

பதில் 5: மண்ணடி_இறக்குமதி

ஏற்றுமதியாளர் கேட்டதால் ஒருபக்கமே பேசியிருக்கிறீர்கள். இதே ஒப்பந்தத்தில் மலேசிய பேரிங், தாய்லாந்து ரெசின் இறக்குபவர்களும் இந்தக் குழுவில் உண்டு, அவர்களுக்காக.

2020 செப்டம்பர் 21 முதல் கரோட்டார் விதிகள் (சலுகை வரி கேட்கும் இறக்குமதியாளர் பொருளின் மூல நாட்டை நிரூபிக்கச் சொல்லும் இந்தியச் சுங்க விதிகள்) நடப்பில் இருக்கின்றன. சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவு அதன் வேர். சான்றிதழைக் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்ற பழைய நிலை போய்விட்டது. பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) சான்றிதழ் எண், தேதி, ஆரிஜின் அளவுகோல், கூட்டுச் சேர்ப்பு பயன்படுத்தப்பட்டதா, பேக்-டு-பேக் சான்றிதழா, நேராக வந்ததா என்று ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். படிவம் 1-இல் உள்ள தகவலை, அதாவது எதிர்ப்பக்க உற்பத்தியாளர் என்ன மூலப்பொருளை எந்த முறையில் மாற்றினார் என்பதை, இறக்குமதிக்கு முன்பே வாங்கி வைத்து 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் 10 வேலை நாளில் கொடுக்க வேண்டும்.

'இது எங்கள் தொழில் ரகசியம்' என்று மலேசியத் தொழிற்சாலை தர மறுக்கும். அப்போது குறைந்தது ஆரிஜின் அளவுகோல், சதவிகிதம், உற்பத்தி முறை பற்றிய சுருக்கமாவது வாங்குங்கள். எதுவும் கையில் இல்லையென்றால் சலுகை நிறுத்திவைக்கப்பட்டு, வரி வித்தியாசத்துக்கு ஈடு கட்டித்தான் சரக்கை வெளியே எடுக்க முடியும். சான்றிதழில் அங்கீகாரமில்லாத திருத்தம், முழுமையில்லாத கட்டம், காலாவதித் தேதி இவை இருந்தால் சரிபார்ப்புக்கே அனுப்பாமல் 'பொருந்தாது' என்று எழுதித் திருப்பிவிடலாம்.

சலுகை வரி எப்போதும் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். பாமாயில் ஒரு நல்ல உதாரணம். ஒப்பந்தப்படி கச்சா பாமாயிலுக்கு 37.5%, சுத்திகரித்ததற்கு 45% என்று 2019 முடிவுக்குள் இறங்க வேண்டும், இறங்கியது. ஆனால் உள்நாட்டு விலைக்காக அரசு அதன்பிறகு சாதாரண வரியையே பலமுறை அதைவிடக் கீழே குறைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் இல்லை. அன்றைய அறிவிக்கையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

---

பதில் 6: ஜகார்த்தா_கோப்பு

நான்காவது கேள்வி பாக்கி இருக்கிறது. காத்திருக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

மறுபரிசீலனையை இந்தியா கேட்டதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. 2010–11-ல் ஆசியானுடன் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 500 கோடி டாலர். 2022–23-ல் ஏற்றுமதி 4,400 கோடி, இறக்குமதி 8,757 கோடி, பற்றாக்குறை 4,300 கோடி டாலரைத் தாண்டியது. 2022 செப்டம்பரில் மறுபரிசீலனையின் வரம்பு ஒப்புக்கொள்ளப்பட்டது, 2023 ஆகஸ்டில் செமராங்கில் நடந்த பொருளாதார அமைச்சர்கள் கூட்டத்தில் 2025-க்குள் முடிப்பதாகச் சொன்னார்கள், 2024 அக்டோபரில் வியன்டியான் உச்சிமாநாட்டிலும் அதையே திரும்ப வலியுறுத்தினார்கள். கூட்டுக்குழுவின் கீழ் துணைக்குழுக்கள் வேலை செய்கின்றன.

மெதுவாகப் போவதன் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒருவர் இல்லை, ஆசியான் கருத்தொற்றுமையில் இயங்குகிறது. வரியே வாங்காத சிங்கப்பூருக்கு இழக்க எதுவுமில்லை. 41% மட்டும் திறந்த இந்தோனேசியாவுக்குக் கேட்கப்படுவது அதிகம். கம்போடியா, லாவோஸ், மியான்மர் ஆகியவற்றுக்குக் கால அவகாசம் வேறு. இந்தியப் பேச்சாளர்கள் ஜகார்த்தாவில் உள்ள செயலகத்திடம் பேசினாலும் முடிவு பத்துத் தலைநகரங்களில்தான். 2025 அக்டோபரில் திமோர்-லெஸ்தே பதினோராவது உறுப்பினராகச் சேர்ந்ததையும் நினைவில் வையுங்கள்.

என் பார்வையில் இந்தியா வரியைப் பற்றி மட்டும் வாதாடினால் அரைகுறைப் பலன்தான் கிடைக்கும். 2019 நவம்பர் 4-ல் பாங்காக்கில் ஆர்சிஇபி-யில் சேரவில்லை என்று அறிவித்த பிறகு, ஆசியான் சந்தையில் சீனப் பொருளுடன் நாம் மோதுவது இந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான். அதில் முதலில் மாற வேண்டியது 'காஸ்ட்_ஷீட்' சொன்ன அந்த 'மற்றும்'. பொருள்வாரி விதிகள் வந்தால் கோவையில் உண்மையாகவே வார்த்து, கடைந்து, சுற்றி, சோதித்து அனுப்புகிற பம்புக்கு அந்த வேலையை அளக்கும் விதி எழுதலாம். பெட்டி மாற்றி அனுப்பும் சரக்கையும் அதே விதியால் தடுக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் நன்மை. இந்தக் கோரிக்கையைத் தொழில் சங்கங்கள் வர்த்தக அமைச்சகத்துக்கு எழுதும்போது 'வரியைக் குறையுங்கள்' என்று பொதுவாக எழுதாமல், ஆறு இலக்கக் கோடு, தற்போதைய மதிப்புக் கூட்டல் சதவிகிதம், எந்தப் பாகம் ஏன் உள்நாட்டில் கிடைக்கவில்லை, என்ன விதி வேண்டும் என்று ஒரு பக்க அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் எடுத்துவைக்க முடிவது அப்படிப்பட்ட தாள்தான். உணர்ச்சியோடு எழுதிய பத்துப் பக்கக் கடிதம் கோப்பிலேயே தங்கிவிடும்.

வரி மட்டுமே தடையுமல்ல. இந்தோனேசியாவில் எஸ்என்ஐ தரச்சான்று உங்கள் மாடலுக்குத் தேவைப்படுமா என்று ஃபார்ம் ஏஐ-க்கு முன்னால் கேளுங்கள். சான்றிதழ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தரக் குறியீடு இல்லாமல் சரக்கு துறைமுகத்தில் நிற்கும், டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஓடும்.

---

பீளமேடு_பம்ப்

எல்லோருக்கும் நன்றி. இந்தோனேசிய வரி எண்கள் இரண்டையும், எஸ்என்ஐ நிலையையும் வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அது வந்த பிறகுதான் விலையைப் பேசுவோம். சிங்கப்பூர் டிரேடருக்கு ஒன்பதாம் கட்டத்தைப் பற்றித் தெரிவித்துவிட்டோம்.

---

பதில் 7: காஸ்ட்_ஷீட்

நல்லது. ஒன்று மட்டும்: காஸ்ட் ஷீட்டை மாடல்வாரியாகப் போடுங்கள். 1 ஹெச்பி மோனோபிளாக்கில் ஸ்டாம்பிங்கின் பங்கு ஒரு மாதிரி, 10 ஹெச்பி சப்மெர்சிபிளில் வேறு மாதிரி. ஒரே இன்வாய்ஸில் ஆறு மாடல் போனால் ஆறும் தனித்தனியே 35%-ஐத் தாண்ட வேண்டும், சராசரி எடுக்க முடியாது. தேறாத மாடலை அதே இன்வாய்ஸில் அனுப்பலாம், ஆனால் ஃபார்ம் ஏஐ-யில் அந்த வரியைச் சேர்க்காதீர்கள். பின்னால் அங்கிருந்து சரிபார்ப்புக் கேட்டு, அந்த ஒரு வரி பொய் என்று தெரிந்தால், உங்கள் அடுத்தடுத்த சான்றிதழ்கள் எல்லாமே சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும்.